அன்று கார்டு வரவில்லை, அண்ணி

என் ஆசை அண்ணிக்கு,

உலகச் சண்டை ஓய்ந்தும் மண்ணெண்ணெய்க்குக் கியூவில்தான் நிற்கிறோம். அண்ணனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் திண்டிவனத்தில் வாத்தியாரம்மா. "வாயாடி" என்று திட்டுவீர்களே, நம்ப முடிகிறதா?

விழுப்புரத்துக்கு ரயிலேறினால், மயிலம் தாண்டும்வரை நம் மலை தெரியாத பக்கமாகத்தான் உட்காருவேன். பத்து வருஷமாக இதே வழக்கம். ஒரு காலத்தில் அந்தப் பாறைகளில் வெறுங்காலோடு ஓடியவள் நான். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே என்னை முந்திக்கொண்டு ஏறியவர் நீங்கள். சுள்ளி பொறுக்குவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய், சீத்தாப்பழம் தின்று, யார் கொட்டையைத் தூரத் துப்புவது என்று பந்தயம் வைப்போம். அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் நான் இருந்ததே இல்லை.

அது சர்க்கார் காடு. காவலுக்கு இருந்த ஃபாரஸ்ட் கார்டு கண்ணில் பட்டால், அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு கேஸ் எழுதுவார். ஊருக்கே அவர் என்றால் நடுக்கம்.

அன்று நீங்கள் உச்சிப் பாறையில் தொற்றி நின்று பழம் பறித்தீர்கள். "இன்னாடி, கீழ நின்னுகினு வேடிக்கையா பாக்குற? மடியப் பிடி!" என்றீர்கள். நாத்தனார் கொழுப்பு எனக்கு. "ஐயோ அண்ணி, கார்டு வர்றான்!" என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்க ஓடினீர்கள். கால் வழுக்கியது. நீங்கள் விழுந்த பிறகும் ஒரு நொடி நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அண்ணி.

ஊர் கூடிக் கேட்டபோது, "கார்டைப் பாத்து பயந்து ஓடினாங்க" என்றேன். நாலு பேர் போய் அந்த மனுஷனை ரத்தம் வர அடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு பிறவி!

போன வாரம் ரயிலில் என் எதிர் பெஞ்சில் அவரே வந்து உட்கார்ந்தார். புருவத்தில் அன்று அடிபட்ட தழும்பு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர், "அந்தாண்ட ஜன்னல்ல குந்துங்க பெரியவரே, காத்து வரும்" என்றார்.

"வாணாம்பா. அந்த மலையப் பாக்க முடியல. நான் கார்டா இருந்தப்ப, என்னைப் பாத்து பயந்து ஒரு பொண்ணு விழுந்து செத்துப்போச்சு. நான் மலைக்கு அந்தாண்ட பக்கம் இருந்தேன். என் காக்கிச் சட்டை எப்படித்தான் அது கண்ணுல பட்டுதோ! அன்னியோட வேலைய வுட்டுட்டேன். கண்டாச்சிபுரத்துல பொண்ணு வூட்ல கெடக்கறேன். பாவிப்பா நான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுப்புரம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். அப்போதுகூடச் சொல்ல வாய் வரவில்லையே, ஏன் அண்ணி?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டாச்சிபுரம் போகிறேன். முதலில் அவர் காலில் விழுந்து சொல்வேன். அப்புறம் அண்ணனிடம். அவர் என்னை வீட்டுக்குள் விடாவிட்டாலும் சரி. பிறகு, அந்தப் பெரியவர் மன்னித்து வருவாரானால், கையைப் பிடித்து மலைக்குக் கூட்டி வருகிறேன். நாங்கள் வருவது உங்களுக்கு மேலேயிருந்தே தெரியும்.

கார்டு வர்றாரு, அண்ணி. இந்தத் தடவை நிஜம். ஓடாதீங்க.

பொய் சொன்ன உங்கள் நாத்தனார்,
செல்லம்மா