வளையம் எந்தப் பக்கம் தடிப்பு

2009 ஏப்ரல் 6, திங்கள்

செலீனின் அட்டவணையில் இன்று பதினொரு வரிகள் நிரப்பினேன். கி.பி. 300 முதல் 700 வரை மத்தியதரைக் கடலைச் சுற்றி யார் யார் சூரிய கிரகணம் கண்டதாக எழுதி வைத்தார்களோ, அத்தனையும் ஓரிடத்தில் சேரவேண்டும். பிறகு வானியற் கணக்கோடு ஒப்பிட வேண்டும். செலீன் பேராசிரியை, நான் அவளுடைய ஆய்வு உதவியாளர். நாற்பத்தொன்பது வயதில் உதவியாளர் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் வேலை பிடித்திருக்கிறது.

ஐந்து கட்டங்கள்: நாள், நேரம், இடம், கண்டது என்ன, கண்டவர் யார். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'பெயர் இல்லை' என்றே எழுதுகிறேன்.

418 ஜூலையில் கொன்ஸ்தாந்தினோப்பிளில் பட்டப்பகலில் விண்மீன்கள் தெரிந்தனவாம். விண்மீன் தெரிந்தால் முழுக் கிரகணம். சந்திரன் தூரத்தில் நிற்கும் காலமானால் அது சூரியனை முழுதாக மூடாது. சுற்றிவர நெருப்பு வளையம் மிஞ்சும். வெளிச்சம் மங்கும், இருளாது. ஒரே கிரகணம் ஓரிடத்தில் வளையமாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும் இருப்பதும் உண்டு. பாதைக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கடித்த துண்டு மட்டும். எழுதியவர்களுக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. எல்லாமே 'சூரியன் மறைந்தது'.

ஊரில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கும் தம்பியிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. கடைசியாகப் பேசியது ஜனவரி 13. "அக்கா, லைன் கட்டாகும், நீ முதலிலை கதை" என்றான். நான் என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிட்டது.

மே 10, ஞாயிறு

அண்ணையும் அவர் மனைவி துர்க்கா மச்சாளும் அஜக்ஸிலிருந்து நகருக்கு வந்து, சண்டையை நிறுத்தச் சொல்லி மறியல் செய்த சனத்தோடு நெடுஞ்சாலையில் ஏறி இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக வாகனத்தைக்கூடக் கோட்டுக்குள் பார்த்து நிறுத்துகிற அண்ணை! மச்சாள் அங்கிருந்தே கூப்பிட்டாள்: "உன்ரை சூரியனும் சந்திரனும் ஓடிப்போகாது. ஒருக்கால் வந்துபோட்டுப் போவன்."

போகவில்லை. கூட்டத்தில் கத்த எனக்கு வராது. வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்யவில்லை.

மே 18, திங்கள்

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். இன்று இங்கே விக்டோரியா தின விடுமுறை. வெளியே வாணவேடிக்கை.

ஜூன் 14, ஞாயிறு

சண்டையிலிருந்து தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருக்கும் வவுனியா முகாம்களின் பெயர்ப்பட்டியல் என்று மூன்று வந்தன. மூன்றிலும் ஸ்ரீதரன்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பித்த, நாற்பத்திரண்டு வயது எங்கள் ஸ்ரீதரன் இல்லை. பட்டியல்களே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அண்ணைக்குச் சொன்னேன். "நீ எதைத்தான் முடிவு செய்வாய்?" என்று கேட்டார்.

ஜூலை 21, செவ்வாய்

இங்கே நாம் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அங்கே 22ஆம் திகதி விடியும். இந்தியாவிலும் சீனாவிலும் முழுக் கிரகணம், இந்த நூற்றாண்டிலேயே நீண்டதாம். செலீன் ஷங்காய்க்கே போய்விட்டாள். மழைமுகில் என்று செய்தி அனுப்பியிருக்கிறாள், பாவம்.

மச்சாள் கேட்டாள், முகாமில் இருக்கிற சனத்துக்கும் தெரியுமோ என்று. பாதியளவு தெரியும், சூரியன் கடிபட்டபடியே உதிக்கும் என்றேன். "அதுகளுக்கு இருக்கிற கஷ்டத்திலை உதுவும் ஒண்டு" என்றாள்.

ஒக்டோபர் 4, ஞாயிறு

செய்தி.

கமலாம்பிகை என்றொரு பெண். கிளிநொச்சியில் தம்பியின் அயல் வீடு. அவளுடைய மகளுக்கு அவன் படிப்பித்தவன், அவர்களுக்கு அவன் 'சேர்'. இப்போது முகாமில். அவள் இங்கே ரெக்ஸ்டேலில் இருக்கும் தன் தங்கைக்குச் சொல்ல, தங்கை ஒரு கலியாண வீட்டில் மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறாள்: "கிரகணத்தண்டு சேரைக் கண்டது. அதுக்குப் பிறகு அவரைக் காணேல்லை."

அவ்வளவுதான்.

மச்சாள் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கும் கலண்டரைப் புரட்டியபடியே தொலைபேசியில் பேசினாள். "தை அமாவாசை. ஜனவரி இருபத்தாறு. சூரிய கிரகணம் எண்டு போட்டிருக்கு. சரிதானே?"

சரி என்றேன். அன்று பின்னேரம் அங்கே சிறு துண்டு கடிபட்டது உண்மை. ஜனவரி 13க்குப் பின் பதின்மூன்று நாள். அதற்குப் பிறகு நான்கு மாதச் சண்டை. பொருந்துகிறது.

ஒக்டோபர் 11, ஞாயிறு

அண்ணை அஜக்ஸிலிருந்து தனியே வந்தார். தேத்தண்ணி ஆறும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்."

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைச் சொல்கிறார். இவ்வளவு காலமும் நான் ஒருத்திதான் மறித்து வந்தேன். சாட்சியில்லாமல் ஒருவனைச் செத்தவன் ஆக்க முடியாது என்றேன். திகதி இல்லை என்றேன்.

"திகதி தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம். ஐயரைக் கேட்டனான். வாற தை அமாவாசை, ஜனவரி பதினைஞ்சு. கடைசியாக் கண்டதும் தை அமாவாசைதானே."

"அண்டைக்கு அங்கை வளையக் கிரகணம், அண்ணை. வடக்கு முழுக்கத் தெரியும்."

"இங்கை தெரியாட்டித் தோஷமில்லை எண்டும் ஐயர் சொல்லிப்போட்டார்."

"ஐயருக்கு வானியலும் வடிவாத் தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. "யோகா, ஒம்பது மாசமாச் சாமிப்படத்துக்குக் கீழை அவன்ரை படத்தை வைக்கவும் ஏலாமல், எடுக்கவும் ஏலாமல் இருக்கிறன். எனக்கு ஒரு நாளைத் தா. அதுதான் கேக்கிறன்."

சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும்; அது வானியல். நாள் தெரியாதவனுக்கு அமாவாசை. அது நம்மவர் வழக்கம். இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. ஒரு கணம் நானே அசந்து போனேன். இப்படித்தான் அந்தக் காலத்து ஆட்களும் அசந்து போயிருப்பார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 12

சரி என்று சொன்ன பிறகு நித்திரை வருகிறது. அது பிடிக்கவில்லை.

நவம்பர் 26, வியாழன்

இன்று 484க்கு வந்தோம். ஏதென்ஸில் ஒரு பெரிய தத்துவ ஆசிரியர் 485இல் இறக்கிறார். அவருடைய மாணவர் எழுதுகிறார்: இறப்புக்கு ஓராண்டு முன்னர் ஒரு கிரகணம், பகல் இரவானது, விண்மீன்கள் தெரிந்தன, இறந்து ஓராண்டு கழிந்ததும் இன்னொன்று வரும். இரண்டும் கணக்கில் உண்மையாகவே இருக்கின்றன. முதலாவது சூரியன் உதிக்கும் நேரத்து முழுக் கிரகணம், இரண்டாவது அரைகுறை.

"இவர் நல்ல சாட்சி," என்றாள் செலீன். "இரண்டையும் எழுதி வைத்தார். சாவுக்கு இரண்டு பக்கமும் கிரகணம் இருந்தால், துக்கத்தில் இருப்பவர்கள் வழக்கமாக முன்னால் வந்ததைத்தான் எடுப்பார்கள். பின்னால் வந்தது அவர்களுக்குத் தேவையில்லை. அவர்கள் சூரியனைப் பார்ப்பதில்லை, சாவைத்தான் பார்க்கிறார்கள்."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்புக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூலை 21. என் கையெழுத்து. 'சூரியன் கடிபட்டபடியே உதிக்கும்.'

இந்த வருடம் அங்கே இரண்டு கிரகணம். ஒன்று சண்டை முடிய முன், ஒன்று முடிந்த பின். அவள் எந்தக் கிரகணத்தைச் சொன்னாள்? காலையா, பின்னேரமா? எந்த இடம்? என்ன கண்டாள்? ஒரு கட்டத்தைக்கூட நான் நிரப்பவில்லை. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய ஆட்களிடம் அத்தனை கேள்வி கேட்கிறவள், என்ரை தம்பிக்காக ஒண்டும் கேக்கேல்லை. ஒண்டும்.

அவன் செத்துவிட்டான் என்று எனக்குள் எப்போதோ எழுதிவிட்டேன் போல. பிறகு அதற்கு ஏற்ற கிரகணத்தை இழுத்து வந்திருக்கிறேன்.

அண்ணைக்குச் சொல்லவில்லை. முதலில் சாட்சி.

டிசம்பர் 5, சனி

முகாம் சனத்தை இந்தக் கிழமைதான் வெளியே போய்வர விட்டிருக்கிறார்கள். ரெக்ஸ்டேல் தங்கையிடம் இலக்கம் வாங்கி, ஏழாவது தடவையில் கமலாம்பிகை கிடைத்தாள். வவுனியாவில் யாரோ வீட்டில் நிற்கிறாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"சேரின்ரை அக்காவோ? கனடாவிலை சூரியனைப் படிக்கிற அக்காவோ?"

அவன் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான்.

கிரகணம் பார்த்தது காலையிலா பின்னேரத்திலா என்று கேட்டேன். 

"விடியத்தான். தண்ணிக்கு லைனிலை நிண்டனாங்கள். சூரியன் வரேக்கையே அரை அப்பளம் மாதிரித்தான் வந்தது. என்ரை மகள் பிள்ளைத்தாச்சி. வெளியிலை வராதை எண்டு நான் பேசிக்கொண்டு நிக்கிறன், சேர் வந்து, கூடாரத் தறப்பாளிலை இருந்த ஓட்டையளைக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டையாலையும் வந்த வெளிச்சம் எதிர்த் தறப்பாளிலை பிறை பிறையா விழுந்தது. எத்தினை எண்டு எண்ணு பிள்ளை, உள்ளுக்கை இருந்தே பாக்கலாம் எண்டார். அவள் அறுபது மட்டும் எண்ணினவள்."

"எந்த இடம்?"

"முகாமிலைதான், அக்கா. வேறை எங்கை?" எனக்குத் தெரியாதா என்பதுபோல் வியந்தாள். "ரெண்டு நாள் கழிச்சு, பெயர் பதியவேணும் எண்டு ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவையாம். தங்கச்சிக்குச் சொன்னனானே. கிரகணத்தண்டு கண்டது, பிறகு காணேல்லை எண்டு."

சொல்லியிருக்கிறாள்தான். முகாமில் என்ற ஒரு சொல் மட்டும் வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஜூலை 22. காலை. வவுனியா முகாம். கடிபட்ட உதயம். கமலாம்பிகை.

அவன் சண்டையில் சாகவில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

அண்ணையிடம் நேரே போனேன். தொடருந்தில் போகும்போது சொல்லவேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். சொல்லும்போது வரிசை கெட்டுவிட்டது.

மச்சாள் அழுதாள். அண்ணை கோபப்பட்டார். "அண்டைக்கு நீதானே ஜனவரி எண்டு சொன்னாய்?"

"ஓம். பிழை விட்டிட்டன்."

"இப்ப சொல்லுறது மட்டும் சரியோ? ஜூலைக்குப் பிறகு அஞ்சு மாசம். அங்கை கொண்டு போனதுகளுக்கு என்ன நடக்குதெண்டு ஊருக்கே தெரியும். விசர்க்கதை கதையாதை. எனக்கு இன்னொருக்கால் முதலிலை இருந்து துவங்க ஏலாது, யோகா."

 அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜூலையில் இருந்தான் என்பதுதான் என் சான்று. இருக்கிறான் என்பதற்கு ஒன்றுமில்லை.

வெளிக்கிடும்போது வாசலில் சொன்னார்: "ஐயருக்கு மாசி அமாவாசை எண்டு சொல்லுறன். அதுக்கங்காலை தள்ளமாட்டன்."

டிசம்பர் 19

காணாமற்போனவர்களைத் தேடித் தரும் அலுவலகங்களுக்குக் கடிதங்கள் ஐந்து அனுப்பினேன். பதில் பூச்சியம். பதிவுக்கென்று கொண்டுபோனவர்களைப் பிடித்து வைத்திருக்கும், வவுனியாவைச் சுற்றியுள்ள தடுப்பு முகாம்களில் விசாரிக்கிறேன் என்று கமலாம்பிகை சொல்கிறாள். மகளுக்குப் பெண் குழந்தை. கிரகணத்தால் ஒரு குறையும் இல்லையாம். அதைச் சேருக்குச் சொல்லவேண்டுமாம்.

2010 ஜனவரி 15, வெள்ளி

காலை எழுந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் வளையம். படங்கள் வந்திருக்கின்றன: நடுவில் கறுப்பு, சுற்றிவர ஒரே அளவான நெருப்பு. எல்லாச் செய்தியிலும் அதே படம்.

இன்று அந்தியேட்டி நடந்திருக்கவேண்டிய நாள். அண்ணை கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜனவரி 18, திங்கள்

கமலாம்பிகை விடியவே தொலைபேசியில் எடுத்தாள்.

வவுனியாவுக்குக் கிட்ட ஒரு தடுப்பு முகாம். மகனைப் பார்க்கப் போகும் ஒரு தாயோடு நேற்றுப் போயிருக்கிறாள். பெயர் இருந்திருக்கிறது. பத்து நிமிடம் விட்டார்களாம், நடுவில் மேசை, பக்கத்தில் காவல்.

"மெலிஞ்சு போனார். சிரிச்சவர். அக்காவுக்குச் சொல்லுங்கோ எண்டார்."

நான் கேட்டது வெட்கமான கேள்வி. "வேறை ஸ்ரீதரன் இல்லைத்தானே? நிச்சயமா அவன்தானோ?"

"நீங்கள் உப்பிடித்தான் கேப்பியள் எண்டு சேர் முதலே சொன்னவர்! அக்கா லேசிலை நம்பமாட்டா, அதாலை உதையும் சொல்லுங்கோ எண்டு என்னைப் பாடமாக்க வைச்சவர். பொறுங்கோ. வெள்ளிக்கிழமை, மத்தியானம் திரும்பினாப்போலை. வளையம். ஆனா சரி நடுவிலை இல்லை. கீழ்ப்பக்கம் தடிப்பு, மேல்ப்பக்கம் நூல் மாதிரி. இருட்டேல்லை. மணிக்கூடு இல்லை, நாடி பிடிச்சு எண்ணினது: ஏழு நிமிசம். உது என்ன கணக்கோ எனக்கு விளங்கேல்லை, அக்கா."

கணினியைத் திறந்தேன். வவுனியா, பாதையின் நடுக்கோட்டுக்குத் தெற்கே. அங்கிருந்து பார்த்தால் சந்திரன் சற்று வடக்கே தள்ளி நிற்கும். வளையத்தின் தென்பக்கம், அந்த நேரத்தில் அதுதான் கீழ்ப்பக்கம், தடிப்பாக இருக்கும். ஏழு நிமிடம் என்பதும் கணக்கோடு நன்றாக ஒத்துப் போகிறது.

செய்தியில் வந்த படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கமலாம்பிகையால் புனைய முடியாது. அங்கே நின்று, வானத்தைப் பார்த்தவன்தான் சொல்ல முடியும்.

அண்ணைக்கு எடுத்தேன். வேலைக்குப் போகிற வழியில் வாகனத்தை ஓரத்தில் நிறுத்தினார் போல, பின்னால் சத்தம் குறைந்தது. முழுவதையும் கேட்டார். 

"வடிவாக் கேட்டனியோ? எந்தப் பக்கம் தடிப்பு எண்டவன்?"

"கீழ்ப்பக்கம், அண்ணை."

"கீழ்ப்பக்கம்," என்றார். இன்னொரு தரமும் சொன்னார். பிறகு, "ஐயருக்கு நானே சொல்லுறன்."

எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அதை நான் இங்கே ஊகித்து எழுதப்போவதில்லை. தெரிந்ததை மட்டும்:

2010 ஜனவரி 15. மத்தியானம் திரும்பி. வவுனியாவுக்குக் கிட்ட. வளையம், கீழ்ப்பக்கம் தடிப்பு, ஏழு நிமிடம். கண்டவர்: ஸ்ரீதரன், என் தம்பி.