கொட்டு இல்லாத ஊசி

ஆசாரி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் மூக்கில் ஒற்றியதுமே, உங்களோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்த நாட்களின் வாடை வந்துவிட்டது. இந்த வயதில் மூக்குக் குத்திக்கொள்ளப் போன இடத்திலும் புருஷனை நினைத்து எரிச்சல்படும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் காரியத்தன்று உங்கள் சித்தி என் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். துக்க வீட்டில் எதற்கு வாதம் என்று கழற்றினேன். துவாரம் தூர்ந்துபோனது. ஆனால் அம்மன் மூக்கில் மூக்குத்தி மினுங்கும்போது அவள் முன்னால் வெறும் மூக்கோடு நிற்க மனசு ஒப்பவில்லை. இதையெல்லாம் கழற்று என்று அவளா கேட்டாள்?

முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. குத்திக்கொள்வதுதான் முடியவில்லை. அகரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் போவேன். ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார். நான் எழுந்து வந்துவிடுவேன். நம் மகளுக்குக் கடுப்பு. "ஓசி பஸ்ஸுங்கிறதுக்காகச் சும்மா சும்மா வந்துட்டுப் போறதாம்மா?" என்றாள்.

இந்தத் தடவை உங்கள் பாடத்தை நினைவில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாய்ப்பூட்டு அலகு போடுகிறவர் நீங்கள். புதிதாக வந்து பயந்து நிற்பவர்களிடம், "மூச்சை இழுத்துப் பிடிக்காத. ஏறையில வெளிய விடு. கண்ணு கொடிமரத்துல இருக்கட்டும்" என்பீர்கள். இந்தக் கன்னத்தில் ஏறிய வேல் அந்தக் கன்னத்தில் வெளிவரும்போதுகூட உங்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டில் கேட்டால், "ஆத்தா மேல இருக்கையில என்ன வலி" என்று ரசம் குடிப்பீர்கள்.

அதே மனுஷர்தான் டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்ததும் வயிற்றைப் பொத்திக்கொண்டீர்கள். முடி மாதிரி ஊசி. எனக்கு வரவும் செலவும் நேராக வந்தால்தான் தூக்கம் பிடிக்கும். உங்கள் கன்னத்துக்கும் வயிற்றுக்கும் மட்டும் கணக்கு நேராகவே இல்லை. கெஞ்சினேன். சண்டை போட்டேன். அம்மன் மேல் சத்தியம் வாங்கினேன், அதையும் சமாளித்தீர்கள்.

"கொட்டு இல்ல, குலவை இல்ல. சும்மா கட்டில்ல உக்காந்து எப்படி புள்ள குத்திக்கிறது?"

"மேளக்காரரக் கூட்டியாரவா?"

"கூட்டியாயேன்."

நக்கலுக்கு நேரம் காலம் இல்லையா என்று தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன். மருந்து பிரிட்ஜ் கதவிலேயே குளிர்ந்து கிடந்தது. அப்புறம் காலில் புண். அப்புறம் நீங்கள் இல்லை.

ஆசாரி பேனாவால் மூக்கில் புள்ளி வைத்தார். கொடிமரத்துக்குப் பதிலாகக் காலண்டர் ஆணியைப் பார்த்தேன். மூச்சை வெளியே விட்டேன். இருந்தும் எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. கடைக்குள் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் அத்தனை சின்ன ஊசியும் கடப்பாரை மாதிரித் தெரிந்தது. அப்போதுதான் உங்கள் பேச்சு எனக்கு உறைத்தது.

"குலவை போடு" என்றேன் மகளிடம்.

"கடைக்குள்ளயா? பாக்குறாங்கம்மா."

"போடுறியா, நான் பஸ்ஸுக்குப் போகவா?"

துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். கொலுசு மாற்ற வந்திருந்த ஓர் அம்மா, என்ன ஏதென்று கேட்காமல் கூடச் சேர்ந்து கணீரென்று குலவையிட்டார். ஆசாரி சிரித்துக்கொண்டே குத்திவிட்டார்.

வலித்ததுங்க. ஆணி, மூச்சு, குலவை எல்லாம் இருந்தும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கத்தான் அந்தச் சத்தம் உதவியது. அப்படியென்றால் உங்களுக்கும் வருஷா வருஷம் வலித்திருக்கிறது. அலகு இருக்கும்போது வாய் பேச முடியாது, சரி. கழற்றிய பிறகு பேசியிருக்கலாமே. பயமாக இருக்கிறது, பக்கத்தில் நின்று சத்தம் போடு என்று நேராக ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? காலையும் ராத்திரியும் பிரிட்ஜ் பக்கத்தில் நின்று குலவை போட்டிருப்பேன். தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறது.

இப்போதெல்லாம் ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் நான் 'வலிக்காது' என்று சொல்வதில்லை. போன வாரம் பேரனுக்குத் தடுப்பூசி. வலிக்கும்டா, அம்மாச்சி சத்தம் போடுறேன் என்று ஆரம்பித்ததுமே நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று போட்டேன்.