குழியும் பாயும்

தங்கச்சி ரைஜெலிக்கு,

அம்மா செத்த அன்று நீ சுருட்டிக்கொண்டு போன பாயை நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும்.

கடை அரிசியை நம்பக் கூடாதென்று, புயல் காலத்துக்காக ஊரே சேர்ந்து ஒரே குழியில் ஈரப்பலாக் காய்களைப் புளிக்கப் புதைத்திருக்கிறோம். புளித்திருக்கிறதா, அழுகிவிட்டதா என்று மோந்து சொல்ல வேண்டியவள் நான்.

தலைநகர் சுவாவின் ரேடியோவில் புயல் வருகிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் லோசனா நேற்று குழியிலிருந்து ஒரு பிடி எடுத்து என் மூக்கருகே நீட்டினாள்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க பாட்டி! எங்க வயிறெல்லாம் உங்க மூக்குலதான் இருக்கு!"

"நல்லாத்தாண்டி இருக்கு, போ" என்றேன்.

போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மண்ணெண்ணெய்கூட மணப்பதில்லை.

இதைக் கொண்டுவரும் படகிலேயே ஏறி வா; குழியை மோந்து பார்க்க உன் மூக்கு வேண்டும். யாராவது கேட்டால், பாயைத் திருப்பித் தர வந்தேன் என்று சொல். பாயையும் மறக்காமல் கொண்டு வா.

உன் அக்கா