கோணல் பாக்கெட்

பஜாரில் தையல்காரர் இன்று என் டெரிலின் துணியை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டு, "காலர் எப்படி வைக்கணும்? உங்களுக்கு எது பிடிக்கும், சொல்லுங்க" என்று கேட்டார். புதுத்துணி வாசனை மூக்கில் ஏறியது. முப்பது வயதாகிறது, எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. அளவு கொடுக்காமல் திரும்பி வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஆறு வருஷம். இதை எந்த விலாசத்துக்குப் போடுவேன்?

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே நாளில் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். நம் அப்பாக்கள் பண்ணை வயலில் வெற்றுடம்போடு கிடந்தவர்கள். பண்ணை வாசலில் மேலே துணி கூடாது, தோள் துண்டும் இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். அதனால்தானோ என்னவோ, முதல் சம்பளத்தில் நீ சட்டைத் துணி வாங்கினாய். நல்ல கிளிப்பச்சை. பாக்கெட்டைச் சாய்வாக வைக்கச் சொல்லி, தையல்காரர் கையிலிருந்த சாக்பீசை வாங்கி நீயே கோடு போட்டுக் காட்டினாய்.

ஷிஃப்ட் பஸ்ஸில் எல்லாரும் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா, பாக்கெட்டு கோணிகினு இருக்குது? தையக்காரன் குடிச்சிட்டுத் தச்சானா?"

"நாந்தான் கோணலா வெக்கச் சொன்னன். எனக்குப் புடிக்குது."

எனக்குப் பிடிக்கிறது என்று நம் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த சம்பளத்தில் நானும் ஈயடிச்சான் காப்பியாக அதே பச்சை, அதே கோணல் பாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். உனக்கு வந்ததே கோபம்!

"என்னப் பாத்துப் போட்டுகினா அது உன் சட்டையாடா? ஒனக்கு இன்னா புடிக்கும்னு யோசி."

நான் யோசிக்கவில்லை. உன்னைப் போல இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

உன் தங்கை கல்யாணத்துக்கு முதல் பாக்கு பண்ணைக்குத்தான் வைக்க வேண்டும் என்று உன் அம்மா அழுதாள். இரண்டு பேரும் பச்சைச் சட்டையில் போனோம். வாசலில் நாற்காலியில் பண்ணையார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே என் கை என்னைக் கேட்காமல் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிவிட்டது. நீ சட்டையோடு நின்றாய்.

"பாத்தியா, அவனுக்கு மொற தெரியுது. ரெண்டு பேருக்கும் ஒரே துணிதானே? அவன் கழட்டிட்டான். ஒனக்கு இன்னா?" என்றார் பண்ணையார். இரண்டு ஆட்கள் உன்னைப் பிடித்துக்கொண்டு சட்டையைக் கிழித்தார்கள். நான் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நானும் கழற்றாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் அடி வாங்கியிருப்போம், அவ்வளவுதானே? உன்னைத் தனி ஆளாக்கியது நான்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என் பக்கம் திரும்பி, "பொத்தான மாத்திப் போட்டுகினு இருக்கற" என்றாய். ஒரு வார்த்தைகூட நீ திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு நீ சட்டை தைக்கவே இல்லை. லீவு நாளிலும் வேலைக்குப் போடும் காக்கிதான். மறு வருஷம் மஞ்சள் காமாலை வந்து நீ போனபோதும் உன் பெட்டியில் காக்கியைத் தவிர ஒன்றுமில்லை. உன் அம்மா அதைக் கிளறிப் பார்த்துவிட்டு, "எம்புள்ளைக்கு ஒரு கலர் சட்ட இல்லியே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். என் பச்சைச் சட்டையைக் கொடுத்திருக்கலாம். அதைக் கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இப்போது நான் பர்மனன்ட். குவார்ட்டர்ஸ் இருக்கிறது. போன வாரம் புது ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர், எதிரே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். மூன்று பொத்தான் கழன்றிருந்தது. நான்காவதில் என் கை இருந்தது.

"என்னப்பா, ரொம்பப் புழுக்கமா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.