ஷூவுக்கு நான் வாங்கிக் கொடுத்த மார்க்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், மேலே ஆள் நடக்கும் சத்தம்கூட இல்லை, ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சமைக்கிறேன். போனில் சொன்னால் அவசரத்தில் சரிம்மா சரிம்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ஷூ கம்பெனிக்கு ஒரு பெண் படிவமும் கையுமாக வந்தாள். ஒரு ஷூ தோலாக இருப்பதிலிருந்து குப்பைக்குப் போகிறவரை மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதைச் செய்கிறவர்களுக்கும் என்ன கெடுதல் என்று பார்க்கிறார்களாம். நீ செய்கிற அதே வேலை, படிவத்தின் தலையில் உன் ஆபீஸ் பேரே இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. இது உன் பரீட்சை, நான் ஏதாவது குறை சொன்னால் உனக்குத்தான் மார்க் குறையும் என்று இந்த மக்கு அம்மா நினைத்துவிட்டாள். ஜன்னல் திறந்திருக்குமா என்றாள், எப்போதும் என்றேன். உண்மையில், ஷூ ஒட்டுகிற ஈரப் பசையில் தூசி படியும் என்று அதைத் திறக்கவே விடமாட்டார்கள். முகமூடி தினமும் தருவார்கள் என்றேன், அன்று காலையில் கொடுத்ததைச் சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சிரிக்காதே, தலை வலிக்கிறதா, கை எரிகிறதா என்று ஒருத்தி எதிரே உட்கார்ந்து என்னைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, எழுந்து போகவே மனசு வரவில்லை.

இரண்டிரண்டு பேராகக் கேட்டார்கள். என்னோடு உட்கார்ந்தவள் பக்கத்து மேஜையில் தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டி, பசை நெடியில் ஏற்கெனவே இரண்டு தடவை மயங்கி விழுந்தவள். அதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள், நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். போன வியாழக்கிழமை மூன்றாவது தடவையும் விழுந்துவிட்டாள். கெடுதல் என்று எழுதினால்தானம்மா பசையை மாத்தச் சொல்லுவாங்க, நீங்களே நல்லாருக்குன்னா யார் மாத்துவாங்க என்று விஷயத்தைக் கேள்விப்பட்ட ஸ்டோர் கீப்பர் என்னைத் திட்டித் தீர்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான், இப்போது டப்பாவைத் தனியாகத் திறந்து தனியாக மூடுகிறேன்.

அறிக்கை முடிவதற்குள் சொல்லி என் பதில்களை மாற்றிவிடு. தலைவலி உண்டு, தினமும். ஜன்னல் சாத்தியிருக்கும். முகமூடி கிடையாது. வேலை போய்விடும் என்று சோடாபுட்டி பயப்படுவாள், அவள் பேர் வேண்டாம், யார் சொன்னது என்று கேட்டால் என் பேரைக் கொடு. எனக்குப் பயமில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இனிமேல் உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

நீ நூறு வயசு நன்றாக இரு. அங்கே குளிருக்குக் காது மூடுகிற தொப்பியைப் போட்டுக்கொள். ஒன்று மறந்துவிட்டேன். மனசு விட்டுப் பேச ஆள் உண்டா என்றும் அந்தப் படிவக்காரப் பெண் கடைசியில் கேட்டாள், என் மகள் தினமும் பேசுவாள் என்றேன். அந்தப் பதிலை மட்டும் மாற்ற வேண்டாம், முடிந்தால் உண்மையாக்கிவிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா