தம்பிக்கு நான்கு நாள் பயணத் திட்டம்

பலெர்மோ,
செப்டம்பர் 24

அன்புள்ள தம்பி லில்லோவுக்கு,

அக்கா நின்ஃபா எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் வலி இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. நீ நலமாகத்தான் இருப்பாய். ம்யூனிக்கில் நீ நலமில்லாமல் இருந்ததாக இதுவரை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

உன் கடிதம் வந்தது. கைபேசியில் பதில் அனுப்பாதே, பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள், அலுவலக முகவரிக்கே எழுது என்றாய். அப்படியே செய்கிறேன். உறையின் மேல், அங்கே நீ வைத்துக்கொண்ட கார்லோ என்ற பெயரை எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். உள்ளே நீ லில்லோதான்.

அக்டோபர் முப்பது முதல் நவம்பர் இரண்டு வரை நான்கு நாள். நீ, சில்கே, ஒன்பது வயது ஃப்ரீடா, ஐந்து வயது யோனா. எங்கே தங்கலாம், பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், எவ்வளவு தூரம் நடக்க வைக்கலாம் என்று விவரமாகக் கேட்டிருக்கிறாய். பத்தொன்பது வயதில் இந்த ஊரை விட்டுப் போனவன், வழிகாட்டிப் புத்தகம் கேட்கும் பயணியைப் போல என்னிடம் கேட்கிறாய். இருக்கட்டும், சொல்கிறேன்.

தங்குவதற்குத் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள நீலக் கதவு விடுதி. பத்தொன்பது வருடமாக விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிறேன். எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, எதில் ஈரச் சுவர் என்று விரிப்பே எனக்குச் சொல்லிவிடும். நீ கேட்டிருந்த அந்தப் பெரிய விடுதிக்கு என் நாயைக்கூட அனுப்பமாட்டேன்.

முதல் நாள் மாலை வருகிறீர்கள். பிள்ளைகள் களைத்திருப்பார்கள், எங்கும் இழுத்துக்கொண்டு போகாதே. கடற்கரைப் புல்வெளியில் ஓடவிடு. முக்கில் ஒருவன் கடலைமாவை வில்லையாகப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவான், அதுவே இரவுச் சாப்பாடு. இரண்டாம் நாள் காலையில் சந்தை, பத்து மணிக்குள் முடித்துவிடு, அப்புறம் யோனாவுக்குக் கால்களைத் தவிர வேறொன்றும் தெரியாத அளவுக்குக் கூட்டம். மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடைகள் அடைப்பு, தூங்கவை. மாலையில் பொம்மலாட்டம். வீரர்களின் தலை வெட்டுப்பட்டு உருளும். யோனா பயப்படுவானா என்று சில்கே கேட்டாள். நீ அவன் வயதில் மேடையேறி அந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தாவரத் தோட்டம். அங்கே விழுது விட்ட பெரிய மரத்தடியில் இருவரும் ஒளிந்து விளையாடலாம்.

நான்காம் நாள் நவம்பர் இரண்டு. இறந்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் நாள். காலையில் எழுந்ததும் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று அவர்கள் தேடட்டும். சர்க்கரைப் பொம்மைகளை நான் வாங்கி வைக்கிறேன். ஒன்பது மணிக்கு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். அப்பாவின் கல்லறைக்கு.

'அப்பாவைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லிடாத அக்கா' என்று கடிதத்தின் கடைசியில் கோடிட்டு எழுதியிருக்கிறாய். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கல் சொல்லும். பிப்ரவரி பதினேழு, இந்த வருடம். எண்களைப் பெரிதாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். எண்களைப் படிக்க எந்த மொழியும் தெரிய வேண்டாம்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்று சில்கேயிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அந்த வயதில் நடந்தது என்ன என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அப்பா காய்கறி ஏற்றும் மூன்று சக்கர வண்டியைப் பின்னால் எடுத்தார். எதிர்வீட்டு மிம்மா பந்தைத் துரத்திக்கொண்டு வந்தாள். ஐந்து வயது. நீதிமன்றம் அவர் மேல் தப்பில்லை என்றது. தெரு அப்படிச் சொல்லவில்லை. பள்ளியில் உன்னைக் கொலைகாரன் மகன் என்றார்கள். என்னையும்தான் சொன்னார்கள். நான் அப்பாவைச் சாகடிக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவே இல்லை. தலையில் கூடை சுமந்து விற்றார்.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் என் பெயரில் உன் பிள்ளைகளுக்கு வந்த பொட்டலங்கள் நான் அனுப்பியவை அல்ல. அப்பா கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுப்பார். 'என் பேரைப் போட்டுடாதம்மா, லில்லோவுக்குச் சங்கடம்' என்பார்.

போன ஜனவரியில் என் முகவரிப் புத்தகத்திலிருந்து உன் வீட்டு எண்ணை எடுத்து அவரே அழைத்தார். பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று ஒரு வருடமாக ஒரு சின்னப் புத்தகத்தை வைத்து ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார். நான் வேலையிலிருந்து வந்தபோது தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றேன். 'தப்பான நம்பராம்' என்றார். அவ்வளவுதான். படித்த ஜெர்மனில் அந்த வார்த்தை அவருக்குப் புரிந்துவிட்டது, லில்லோ. அந்தப் புத்தகத்தை ஆடுகிற அலமாரியின் காலுக்கு அடியில் செருகிவிட்டார். பிப்ரவரியில் போய்விட்டார். அடக்கத்துக்கு நீ வரவில்லை. ஏற்கெனவே செத்தவரின் அடக்கத்துக்கு விடுப்பு எப்படிக் கேட்பாய்.

விமானச் சீட்டு எடுத்துவிட்டதாக சில்கே எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஃப்ரீடா பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்று இப்போதே பட்டியல் போடுகிறாளாம். இனி நீ பின்வாங்குவதென்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நல்லபடியாக வந்து சேருங்கள். லேசான கம்பளி போதும்.

இப்படிக்கு,
அக்கா நின்ஃபா


பலெர்மோ,
அக்டோபர் 15

தம்பி லில்லோவுக்கு,

உன் பதிலை இரண்டு முறை படித்தேன். சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவே ஒரு முறை, வீட்டுக்கு வந்து ஆற அமர ஒரு முறை. இரண்டாவது முறை இன்னும் ருசித்தது.

கல்லறைக்குப் பதில் கடற்கரைக்குப் போகலாம் என்கிறாய். நவம்பரில் யோனாவைத் தண்ணீரில் இறக்கப் போகிறாயா. அப்படியே போனாலும் தேதி இருக்கும் இடத்தைப் பூவால் மூடிவிடு என்கிறாய். அதுவும் முடியாவிட்டால் அது பெரியப்பாவின் கல் என்று சொல்லச் சொல்கிறாய். ஒரு மனிதரை ஒரு தடவை கொன்றது போதாதா. இப்போது பெயரையும் மாற்ற வேண்டுமா.

அப்படி ஓர் அழைப்பு உனக்கு வரவே இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருக்கிறாய். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யாதே. உயிரோடிருந்த தகப்பனை இருபது வருடம் செத்தவர் என்று சொன்ன வாய், எந்தச் சத்தியத்துக்கும் கூசாது என்று எனக்குத் தெரியும்.

உனக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. சில்கேயை உட்காரவைத்து உன் வீட்டு அடுக்களையிலேயே சொல்லிவிடு. சொல்லிவிட்டால் கல்லுக்கு வேலை இருக்காது. சொல்லாவிட்டால் நான் அவள் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அதைத்தான் நான் பிப்ரவரியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடும்போதுகூட அதைத்தான் நினைத்தேன். பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும்.

சில்கே நல்ல பெண். மாலை வகுப்பில் நம் மொழி படித்து எனக்குப் பிழையோடு எழுதுகிறாள். யோனாவுக்குப் பாதாம் ஆகாது, உடம்பு தடித்துவிடும் என்றாள். அதனால் பாதாம் விழுதில் செய்த பழங்கள் வேண்டாம், அவனுக்குச் சர்க்கரைக் குதிரைவீரன் மட்டும். பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதே. அவர்களுக்கு என்ன தெரியும், பூக்களுக்கு நடுவே ஓடி விளையாடுவார்கள்.

அக்கா


பலெர்மோ,
நவம்பர் 11

லில்லோவுக்கு,

நீ இப்போது அலுவலக நண்பன் வீட்டில் இருப்பதாக சில்கே எழுதினாள். அதனால் இந்தக் கடிதத்தை யார் பார்த்தாலும் உனக்குக் கவலை இல்லை. இருந்தாலும் உறையின் மேல் கார்லோ என்றே எழுதியிருக்கிறேன், தபால்காரன் குழம்பக்கூடாது என்று.

அன்று கல்லறைத் தோட்டத்தில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்லவே எழுதுகிறேன்.

சில்கே கல்லைப் படித்தாள். மறுபடி படித்தாள். உன்னைப் பார்த்து, 'இந்த வருஷமா?' என்றாள். கையிலிருந்த பூவாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவள் யோனாவைத் தூக்கிக்கொண்டு சைப்ரஸ் மரங்களின் பக்கம் நடந்தாள், நீ பின்னாலேயே போனாய். அவள் குரல் உயரவில்லை. நீதான் குறுகிக்கொண்டே போனாய். அதை நான் பாயசம் குடிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்கமாட்டேன்.

அப்போது ஃப்ரீடா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. அவளுக்குத் தெரிந்த எங்கள் பேச்சும், எனக்குப் புரிந்த அவள் பேச்சுமாகக் கேட்டாள்.

'அத்தை, கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஸ்கூல் திறந்தப்ப ஒரு தாத்தா போன் பண்ணினாங்க. நான்தான் எடுத்தேன். நான் உன் தாத்தான்னு சொன்னாங்க. எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, பக்கத்து ரூம்லதான் பேப்பர் படிச்சிட்டிருந்தாங்க. இன்னொரு தாத்தா எப்பவோ செத்துட்டாங்கன்னு அப்பா சொல்லியிருக்காங்க. அதனால தப்பான நம்பர்னு சொல்லி வெச்சிட்டேன். அது இவங்களா?'

லில்லோ, நான் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வார்த்தையைச் சொன்னது நீ இல்லை. ஒப்புக்கொள்கிறேன். உன் சத்தியத்தை நம்பாததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் அதைச் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. அதை அவள் வாயிலிருந்து வரவழைத்தது, நான் பெரிதாக வெட்டி வைத்த எண்கள். நம் இருவருக்கும் நடுவில் நின்றது அந்தக் குழந்தை.

'தாத்தா அழுதாங்களா?' என்று கேட்டாள்.

உண்மை என்ன என்று உனக்கு எழுதியிருக்கிறேன். விளக்கு ஏற்றும் நேரம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். மிம்மா விழுந்த அன்று வண்டியிலிருந்து இறங்கிய அப்பாவின் முகம் அது. அச்சாக அதே முகம். பின்னால் பார்க்காமல் செய்துவிட்ட ஒன்றை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிற முகம். அதில் யாருடைய தப்பும் இல்லை என்று எந்த நீதிமன்றம் சொன்னாலும் அந்த முகம் கேட்காது.

'இல்லடா கண்ணு, சிரிச்சார்' என்றேன். 'பேத்தி குரல் மணி மாதிரி இருக்கு, நல்லா வளர்த்திருக்காங்க, தெரியாதவங்ககிட்ட பேச்சு குடுக்கமாட்டேங்கறான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.'

அவள் யோசித்தாள். உன் பெண் லேசுப்பட்டவள் இல்லை. 'அப்புறம் ஏன் திரும்பப் பண்ணல?' என்றாள்.

'தொண்டை கட்டிக்கிச்சு. பேச்சே வரல. சரியானதும் பேசலாம்னு இருந்தார்' என்றேன்.

ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்தேன். அதுவும் அப்பாவின் கல்லுக்கு முன்னால். நான் சொன்ன வேகத்தைக் கேட்டிருந்தால் நீயே அசந்துபோயிருப்பாய். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் உன் சாடை தெரிந்தது. நமக்கு ஒரே மூக்கு என்று அம்மா சொல்வாள்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சர்க்கரைப் பொம்மையின் கையை உடைத்துக் கல்லின் மேல் வைத்தாள். 'பரிசு தாத்தாவுக்கும் வேணும்ல' என்றாள். பிறகு நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள்.

விமானத்தில் சில்கே உன்னோடு உட்காரவில்லை என்று எழுதியிருந்தாள். நான் விரும்பியதெல்லாம் நடந்தது. சந்தோஷப்பட உட்கார்ந்தேன், வரவில்லை. வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் ஃப்ரீடா இப்போது வேறு அறைக்குப் போய்விடுகிறாளாம். சில்கே அதை ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறாள். நான் அந்த ஒரு வரியோடுதான் ஒரு வாரமாக விரிப்பு மடிக்கிறேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. சில்கே உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாலும் நான் சேர்க்கமாட்டேன். இனி எனக்கு எழுதாதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க விடுகிறாளாமே. அப்போது ஃப்ரீடா உன்னிடம் கேட்பாள். சுற்றி வளைத்துக் கேட்பாள், இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். தாத்தா சிரித்தார். அவள் குரல் மணி மாதிரி இருந்தது. தொண்டை கட்டிக்கொண்டது, அதனால்தான் திரும்ப அழைக்கவில்லை. இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. இருபது வருடம் ஒரு பொய்யை விரிசல் விடாமல் காப்பாற்றியவன் நீ. உன்னிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான், இதையும் அப்படியே காப்பாற்று.

அவள் நன்றாக இருக்கட்டும். இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.

நின்ஃபா