வரப்பு வைக்காத மூடி

3.11.86 திங்கள்

விடியலிலிருந்து மழை. தருமபுரத்தில் தெருவெல்லாம் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு.

வாங்க: மண்ணெண்ணெய், டீத்தூள், படம் போடும் பென்சில் 2.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா போய் நாற்பது நாள். பக்கத்து வீட்டு ரொசாரி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழுதுடு ஆக்னஸ். உள்ளயே வச்சிருந்தா ஒடம்புக்கு ஆவாது." வரவில்லை. மெழுகுவர்த்தி காற்றில் இரண்டு தடவை அணைந்தது. இரண்டு தடவை கொளுத்தினேன். அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் பிளாஸ்டிக் படகு விளக்குப் பெட்டிகள் பதினேழு திரும்பி வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் மூடி ஒட்டிய இடத்தில் கசிவு. மேனேஜர் தி. நேராக வெல்டிங் மிஷினுக்குப் போனார்.

"தூங்கிக்கிட்டா அழுத்துற, கல்யாணி?"

"ஒரே மாதிரிதாங்க சார் அழுத்துறேன். சிலது புடிக்குது, சிலது புடிக்க மாட்டேங்குது."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

4.11 செவ்வாய்

மழை விட்டு விட்டு. குடை ஒரு கம்பி போய்விட்டது.

பட்டினச்சேரியிலிருந்து அஞ்சப்பன் என்று ஒரு மீனவர். நாற்பது வயது இருக்கும். கையில் எங்கள் பெட்டி. பாட்டரியும் பல்பும் உள்ளே வைத்து, படகில் உயரக் கட்டும் விளக்கு அது. மூடியை நகத்தால் நெம்பினார், வந்துவிட்டது. உள்ளே இருந்த கடல் தண்ணீரைத் தி.யின் மேசை மேலேயே ஊற்றினார்.

"கரைக்குத் திரும்பயில இது அணைஞ்சி போச்சுங்க. பெரிய போட்டு ஒண்ணு நேரா எங்க மேல வருது. நாலு பேரும் தொண்டை கிழியக் கத்துனோம். ரெண்டு பாகம், ஒரு பன்னெண்டடி தூரத்துல ஒதுங்கிப் போனான்."

தி. எழுந்தே நின்றார். "ஒரு பொண்ணு சரியா ஒட்டல. ஆள மாத்திடுறேன்."

"ஆள மாத்துவீங்களோ என்ன பண்ணுவீங்களோ. நாளைக்கும் நாங்க போவணும்ல?"

நானும் அங்கேதான். மேசை விளிம்புக்குத் தண்ணீர் வருவதற்குள் அதன் மேல் இருந்த வரைபடச் சுருளை எடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எடுத்தேன்.

5.11 புதன்

மேகம். மழையில்லை.

திரும்பி வந்ததில் ஒன்பது பெட்டிகளை உளி வைத்துப் பிரித்தேன். யாரும் சொல்லவில்லை, சும்மாதான்.

அந்த மிஷினில் நெருப்பும் இல்லை, பசையும் இல்லை. காதுக்குக் கேட்காத வேகத்தில் ஒரு கொம்பு அதிரும். மூடியைப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினால் இரண்டும் தொடுகிற இடம் உருகி ஒன்றாகும். ஒரு நொடி வேலை.

பிரித்துப் பார்த்தால்: ஒன்றில் இடது மூலை மட்டும் உருகியிருக்கிறது. இன்னொன்றில் எதிர்ப்பக்கம். மற்ற இடமெல்லாம் தொட்ட தடமே இல்லாமல் பளபளப்பு. டையில் வார்த்து ஆறும்போது மூடி ஒவ்வொன்றும் கொஞ்சம் வளைகிறது. பெட்டி விளிம்பும் தட்டை, மூடியும் தட்டை. பட்ட இடத்தில்தான் பிடிக்கும். கூடுதலாக அழுத்தினால் மூலை கீறல் விடும். கல்யாணி கையில் ஒன்றுமில்லை.

மிஷினோடு வந்த விளக்கத் தாளைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது. மூடியைச் சுற்றி அரை மில்லிமீட்டர் உயரத்தில் கூரான வரப்பு ஒன்று வேண்டும். அந்த முனைதான் முதலில் உருகும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், சுற்றிலும்.

எங்கள் மூடியில் வரப்பு இல்லை.

மூடி நான் வரைந்தது. பழைய பெட்டி பசை போட்டு ஒட்டுவது. ஜூனில் புது மிஷின் வந்தபோது அதே படத்தில் நம்பரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம். மூலையில் என் எழுத்து: ஆ.மே.

படத்தைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

எலுமிச்சை சாதம். பாதி.

6.11 வியாழன்

மழை.

காலை வேலை தொடங்கும் முன்பு எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார் தி. கல்யாணியிடம், "நாளையிலேருந்து வர வேண்டாம்." அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என் முகத்தையும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மழையில் போனாள்.

நான் கையில் ஸ்கேலோடு நின்றேன். தெரிந்தே நின்றேன். இதை இங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். நெஞ்சு படபடக்கவில்லை. கால் ஈரமாக இருந்தது.

பிரான்சிலிருந்து தம்பி கடிதம். அம்மா கல்லறைக்கு என்ன கல் போடலாம் என்று கேட்கிறான். பதில் எழுதவில்லை.

7.11 வெள்ளி

மிஷினில் புதுப்பெண். இருபது பெட்டி ஒட்டினாள். வாளித் தண்ணீரில் அமுக்கியதும் பதினொன்றில் குமிழி. முதல் நாளே திட்டு. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதினொரு மணிக்குத் தி. அறைக்குப் போனேன். படத்தையும் விளக்கத் தாளையும் விரித்தேன்.

"தப்பு படத்துல இருக்கு சார். கல்யாணி மேல இல்ல. படம் நான் போட்டது."

"அம்மா போன மனசுல என்னென்னமோ சொல்றீங்க. ரெண்டு நாள் லீவு எடுங்க."

"வேணாம் சார். இந்தப் பக்கத்தப் படிங்க."

படித்தார். நேரம் எடுத்தது. "மொதலாளிக்குத் தெரிஞ்சா ஒங்க வேலைக்கே ஆபத்து, தெரியுதா?"

"தெரியட்டும் சார்."

"மூடி வார்க்குற டைய செஞ்சாச்சேங்க. தூக்கிப் போட சொல்றீங்களா?"

"மூடியில வரப்பு வேணும்னா டைல பள்ளமா ஒரு காடிதான் வெட்டணும். இரும்பக் கொறைக்கிறது சுலபம். சேக்குறதுதான் கஷ்டம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வரைஞ்சி குடுங்க."

கல்யாணியைப் பற்றிக் கேட்டேன். "அது பொறவு பாப்போம்," என்றார்.

8.11 சனி

வெயில். துணி காய்ந்தது.

புதுப் படம் முடிந்தது. வரப்பு சுற்றிலும், எங்கும் விடாமல். அதற்கு உள்பக்கமாக ஒரு குட்டிச் சுவர், மூடி நகராமல் பெட்டிக்குள் உட்கார. இறுக்கமாக இருக்கக்கூடாது, இறுகினால் அதிர்வு அங்கேயே நின்றுவிடும். உள்மூலைகள் வளைவாக. இந்தத் தடவை நான்கு முறை சரிபார்த்தேன்.

ரொசாரி அக்கா மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். கிண்ணம் திருப்பித் தரணும்.

13.11 வியாழன்

டை வந்தது. மதியம் சோதனை. இருபதில் பதினெட்டு சுத்தம். இரண்டில் குமிழி. பிரித்தால், டைக்கு அடிக்கும் எண்ணெய் வரப்பின் மேல் படிந்திருக்கிறது. இனி துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். மறுபடி இருபது. ஒரு குமிழியும் இல்லை. மூடியை நெம்பினால் பெட்டி உடைகிறது, ஒட்டு விடவில்லை.

தி. சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயை அப்படி வைத்துக்கொண்டேன்.

புதுப்பெண்ணைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, "அந்தக் கல்யாணிய வரச் சொல்லுங்க," என்றார் என்னிடம்.

14.11 வெள்ளி

வரிச்சிக்குடிக்குக் காலை பஸ். கல்யாணி வயலில். சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். படம் என்னுடையது என்பதையும், புதன்கிழமையே தெரியும் என்பதையும்.

"அப்ப அன்னைக்கி நான் நின்னப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாயத் தொறக்கல."

"இல்ல."

கையில் இருந்த நாற்றைக் கீழே போட்டாள். "வூட்டுல எங்க வூட்டுக்காரரு, 'என்னா தூங்குனியா'ன்னு கேட்டாரு. ஊரே கேட்டுச்சு. என்ன நிக்க வச்சி சொன்னாங்க இல்ல, அதே மாதிரி எல்லாரையும் நிக்க வச்சி சொல்லுங்க. வர்றேன்."

"மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

"அவரு எதுக்கு? நீங்க சொல்லுங்க."

15.11 சனி

தூறல். எட்டு மணிக்கு எல்லாரும் வந்ததும் நான் கூப்பிட்டேன். தி. கதவோரம், தடுக்கவில்லை. கல்யாணி டிபன் பாக்ஸோடு நின்றாள்.

"பெட்டி கசிஞ்சது என் படத்தால. கல்யாணி வேலையில ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன்."

அதற்கு மேல் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. மூடித் தட்டை எடுத்துக்கொண்டு போய் மிஷின் பக்கத்தில் நின்றேன்.  கல்யாணி மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மூடியை எடுத்து வரப்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். துணியால் துடைத்தாள். வைத்தாள், அழுத்தினாள். வாளியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை.

பிறகு என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். "அடுத்தது குடுங்க."